'வார்ன் பண்ணு' என்னும் வினை: காலம், எழுவாய், கூண்டு எண்

ஆங்கிலத்தில் 'வார்ன்' என்றால் வரப்போகும் கேட்டை வருமுன் சொல்லிவைப்பது. அவ்வினை தமிழகம் புகுந்து, 'பண்ணு'வைக் கைப்பிடித்த பின் பெரும்பாலும் இறந்தகாலத்திலேயே குடியிருக்கிறது என்று இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

சான்று: 'நான் அப்பவே வார்ன் பண்ணேன்.' இதில் 'அப்பவே'யை எடுத்துவிட்டால் தொடர் நிற்காது. 'கேட்டாத்தானே' என்பதை இதன் ஈற்றசையாகக் கொள்ளலாம். சீட்டுக்காரர் ஊரைவிட்டு ஓடிய பிறகு, வாங்கிய மனைக்குப் பட்டா இல்லை என்று தெரிந்த பிறகு, மாப்பிள்ளையின் குணம் வெளிப்பட்ட பிறகு இவ்வினை செழித்து வளர்கிறது. கேடு வருமுன் இதை யாரும் காதால் கேட்டதில்லை. வந்தபின் விசாரித்தால், சொன்னவர்கள் தெருவுக்கு நாலு பேர் தேறுகிறார்கள்.

நிகழ்காலத்தில் வரும்போது பொருளே மாறிவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் நிகழ்த்திய உரைகள் அவர் மறைவுக்குப் பின் 1962இல் நூலாயின. வயலில் காளை நிற்கிறது என்று ஒருவர் சொன்னால் அது வர்ணனையா, எச்சரிக்கையா என்று அதில் அவர் யோசிக்கிறார். நம்மூரில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. 'வார்ன் பண்றேன்' என்று விரலை ஆட்டுபவர் காளையைப் பற்றித் தகவல் தருபவர் அல்லர். காளையே அவர்தான்.

போகிற போக்கில் ஒரு வேர்ச்சொல் குறிப்பு. பிரியாணி மேல் கொத்தமல்லி தூவுவதைக் குறிக்கும் 'கார்னிஷ்', கடனாளியின் வங்கிக் கணக்கில் நீதிமன்றம் கைவைக்கும் 'கார்னிஷி' ஆணை இரண்டும் பிரெஞ்சு வழியாக வந்த இதன் பங்காளிகள். இதனால் யாருக்கும் பயனில்லை என்றாலும், ஆய்வுக் கட்டுரையில் இது இல்லாவிட்டால் மதிக்கமாட்டார்கள்.

இனி, அளவீட்டுச் சிக்கல். ஒரே வீட்டில் ஒரே காலைப்பொழுதில் 'லாஸ்ட் வார்னிங்' மூன்று முறை விடப்படுவதுண்டு. எது கடைசி? இதற்கு வீட்டில் அளவுகோல் இல்லை. நாகப்பட்டினம், கடலூர், பாம்பன் துறைமுகங்களில் இருக்கிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று ரேடியோவில் கேட்டே வளர்ந்தோமே, அதுதான்.

ஒன்றும் இரண்டும் தொலைதூரக் கூண்டுகள்: கடலில் வெகு தொலைவில் ஏதோ உருவாகிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. வீட்டில் இது அடுக்களைப் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக வைக்கப்படும் கட்டம். மூன்றும் நான்கும் உள்ளூர்க் கூண்டுகள். இங்கே முழுப்பெயர் சொல்லி அழைப்பார்கள். செல்லப்பெயர் வழக்கொழியும்.

ஐந்து முதல் ஏழு வரை அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதை வைத்தே இம்மூன்றும் வேறுபடுகின்றன என்பது பலர் அறியாதது. இடதோ வலதோ ஒதுங்கிப் போனால் ஐந்து அல்லது ஆறு. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் ஏழு. குடும்ப வழக்கில் ஐந்து தம்பி மேல் பாயும், ஆறு அப்பா மேல் பாயும், ஏழு நேரே நம் மேல். எட்டு, ஒன்பது, பத்துக்கும் இதே திசைக்கணக்குத்தான். புயல் மட்டும் தீவிரம், கையில் துடைப்பம்.

ஆய்வாளர்கள் பத்தோடு நின்றுவிடுவது பெரும்பிழை. பதினோராம் எண் கூண்டு ஒன்று உண்டு. காற்றின் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. புயல் எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். வீட்டில் இக்கட்டத்தில் 'வார்ன் பண்ணு' என்னும் வினை முற்றாக மறைகிறது. முன்னிலை ஒழிந்து படர்க்கை வருகிறது, அதுவும் பலர்பாலில்: 'பசிக்கிறவங்க போட்டுச் சாப்பிட்டுக்கலாம்.' வீட்டில் அப்போது பசியோடு இருப்பவர் ஒரே ஒருவர்தான்.