வல்லரசுகளில் மாமியார் யார்?

லாஸ்பேட்டை வாசகி: ரஷ்யா ஆக்கிரமிப்பாளர் என்கிறது அமெரிக்கா. அமெரிக்காதான் ஆக்கிரமிப்பாளர் என்கிறது ரஷ்யா. யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம், சாட்சிக் கூண்டில் நிற்கும் வரை. குற்றவாளிக் கூண்டில் ஏறியதும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகர்: பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் சூழ்ச்சிக்காரர், இங்கிலீஷ்காரர் கிளைவ் மாவீரர் என்று படித்தோம். இது என்ன நியாயம்?

ஜெயித்தவன் எழுதிய பாடப்புத்தக நியாயம். ராஜாக்களின் வாரிசுச் சண்டையில் மூக்கை நுழைத்து நிலம் பிடிக்கும் வித்தையைத் துய்ப்ளெக்ஸ்தான் தொடங்கிவைத்தார் என்று இங்கிலீஷ்காரர்கள் ரொம்பவே வருத்தப்பட்டார்கள். தஞ்சாவூர் மராட்டிய அரசர் சாகுஜியைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார். 1738-ல் அவர் பிரெஞ்சுக்காரர்களிடம் உதவி கேட்டபோது சொன்ன விலை காரைக்கால். அப்போது துய்ப்ளெக்ஸ் புதுச்சேரியில் கவர்னர்கூட இல்லை. பட்டம் பறிபோனபின், 1749-ல் சாகுஜி கடலூர் பக்கம் இருந்த இங்கிலீஷ்காரர்களிடம் போனார். இந்த முறை விலை தேவிக்கோட்டை. கோட்டை கைக்கு வந்ததும் சாகுஜியை அம்போவென்று விட்டுவிட்டு, அவர் யாரை எதிர்த்து உதவி கேட்டாரோ அந்தப் பிரதாப சிங்கிடமே இங்கிலீஷ்காரர்கள் சமாதானம் செய்துகொண்டார்கள். வாரிசுச் சண்டையில் இறங்கித் துய்ப்ளெக்ஸ் பெயரைக் கெடுத்துக்கொண்ட ஆம்பூர்ப் போர் நடந்தது அதற்குப் பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில்தான். கிளைவுக்கு லண்டனில் வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்திலேயே சிலை. துய்ப்ளெக்ஸுக்கு நம் புதுச்சேரி பீச் ரோட்டில். நமக்கு யார்மேலும் பாரபட்சம் கிடையாது!

உழவர்கரை வாசகர்: 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியது காட்டுமிராண்டித்தனம்தானே?

சந்தேகமே இல்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்தது மட்டும் போர்த் தந்திரமாக்கும்!

திருபுவனை வாசகி: 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.' வல்லரசுகளில் மாமியார் யார்?

யாருடைய கப்பற்படை பெரிதோ அவர்.

காரைக்கால் வாசகர்: பிரான்சின் ரியூனியன் தீவில் தமிழ்க் கூலிகள் பட்ட பாட்டைப் பார்த்து, அங்கே ஆள் போவதைத் தடுத்தது பிரிட்டன்தானே? அதற்காவது கைதட்டக் கூடாதா?

ஒரு கையால் தட்டுங்கள். 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. கரும்புக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. அதற்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் உங்கள் காரைக்காலிலும் இருந்து கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். எல்லை தாண்டி வந்த தஞ்சாவூர், தென்னாற்காடு ஜனங்களும் அதில் உண்டு. 'எங்கள் பிரஜைகளைக் கடத்துகிறார்கள்' என்று பிரிட்டன் கூச்சல் போட்டது. 1860-லும் 1861-லும் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டதும் கூச்சல் அடங்கியது. அதே ஜனங்கள் அதே தோட்டங்களுக்குச் சட்டப்படி போனார்கள். அங்கே நடந்த கொடுமைகளைக் காரணம் காட்டி 1882-ல் பிரிட்டன் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கொடுமைகள் நிஜம், நிறுத்தியதும் சரி. ஆனால் மூன்றே வருடம் முன்னால், 1879-ல், தன் சொந்த ஃபிஜித் தீவுக்கு முதல் கூலிக் கப்பலை அனுப்பியதும் அதே பிரிட்டன்தான். அந்தக் கப்பல்கள் 1916 வரை நிற்கவில்லை. அங்கேயும் ஐந்து வருட ஒப்பந்தம், அங்கேயும் கரும்பு. பிரெஞ்சுக் கரும்பின் தோகை மட்டும்தான் கையைக் கிழிக்கும் போலிருக்கிறது.

நெல்லித்தோப்பு வாசகர்: பாரதிக்கும் அரவிந்தருக்கும் இடம் கொடுத்த பிரான்ஸ் சுதந்திரத்தின் தாய்வீடு இல்லையா?

அடுத்த வீட்டுக்காரனின் எதிரிக்குத் திண்ணையில் இடம் கொடுப்பது சுலபம். சொந்த வீட்டு வேலைக்காரன் கூலி கேட்கும்போதுதான் வீட்டுக்காரரின் குணம் தெரியும். 1936 ஜூனில் பிரான்சுத் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலை சட்டமானது. ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தார்கள். அப்போது பாரீஸில் ஆட்சி செய்தவர்கள் இடதுசாரிகள்!

வில்லியனூர் வாசகி: ஊரார் குற்றம் போதும். இந்தியா ஒழுங்கா?

வம்பில் மாட்டிவிடுகிறீர்களே அம்மா! புதுச்சேரியை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரான்ஸ் கையெழுத்திட்டது 1956 மே 28-ல். மை காய்வதற்குள், நவம்பரில், பிரிட்டனோடு சேர்ந்து சூயஸ் கால்வாய்க்காக எகிப்தில் படையை இறக்கியது. அதே வாரம் சோவியத் டாங்குகள் புடாபெஸ்டில் புகுந்தன. ஹங்கேரிக்காக மேற்கு நாடுகள் கண்ணீர் விட்டன, எகிப்துக்காக மாஸ்கோ. சூயஸுக்கு உடனே குரல் கொடுத்த நேருவுக்கு, ஹங்கேரி என்றதும் தொண்டை கட்டிக்கொண்டது. ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் வேண்டும் என்ற தீர்மானத்தை எதிர்த்தே இந்தியா ஓட்டுப் போட்டது. நேரு பிறகு சோவியத்தைக் கண்டித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த வாரம் கடிதம் குவியும்.

அரியாங்குப்பம் வாசகர்: டாஸ்மாக்கில் வாங்கினால் அரசாங்க வருமானம். அதையே பாண்டியில் வாங்கிக் கடலூர் எல்லையைத் தாண்டினால் கடத்தல். நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?

நான் அணிசேராக் கொள்கைக்காரன். ஆளை விடுங்கள்.