நீரில்லா நதிக்கு ஒரு வாழ்த்துமடல்

மாட்சிமை தங்கிய மகாவலி அதிகார சபைக்கு, வன்னிச் சனங்கள் வாசித்தளிக்கும் வாழ்த்துமடல் இது. சட்டம் போட்டு மாட்ட வசதியாக ஒரே தாளில் எழுதியிருக்கிறோம்.

மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் விழுகிற மகாவலி, முல்லைத்தீவுப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அதனாலென்ன? 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த தாங்கள், 1988இல் ஒரு வர்த்தமானியோடு வந்து சேர்ந்தீர்கள். கங்கையைக் கொண்டுவரப் பகீரதன் தவம் கிடக்க வேண்டியிருந்தது. தங்களுக்கு அரசாங்க அச்சகம் போதுமாக இருந்தது.

30 ஆண்டு வேலையை 6 ஆண்டில் முடிப்போம் என்று ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு தொடக்கிவைத்த மகாவலித் திட்டத்தின் வேகத்தை முல்லைத்தீவின் மணலாற்றில்தான் பார்க்க வேண்டும். படை வந்தது. குடியேற்றம் வந்தது. மணலாறு வெலிஓயா ஆனது. "எல் வலயம்" என்று எல்லை வந்தது. தண்ணீர் மட்டும் இன்னும் வழியில் நிற்கிறது.

1984 மார்கழியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனங்களைப் படையினர் விரட்டினார்கள். காலபோக வயலை அப்படியே விட்டுவிட்டு ஓடியவர்கள் கால் நூற்றாண்டு அலைந்து, போர் முடிந்தபின் திரும்பி வந்தார்கள். கையில் அப்பன் பாட்டன் காலத்து அனுமதிப்பத்திரம். வயலில் வேறு யாருடையவோ உழவு இயந்திரம். கேட்டால், காணி மகாவலிக்குரியது. மகாவலி எங்கே என்று மட்டும் கேட்கக்கூடாது.

இங்கேதான் தங்கள் மதிநுட்பத்தை மெச்ச வேண்டும். 13ஆவது திருத்தத்தின்படி, ஒரு மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசனம் மாகாண சபைக்கு. மாகாண எல்லையைத் தாண்டும் திட்டமும் அதன்கீழ் வரும் காணியும் கொழும்புக்கு. ஆகவே வன்னிக்கு மகாவலி வரத் தேவையில்லை. வரப்போவதாகச் சொன்னாலே போதும், காணி கைமாறிவிடும். தங்கள் வலயத்துக்குள் மாவட்ட அரசாங்க அதிபரும் விருந்தாளிதான். தண்ணீர் உண்மையிலேயே வந்திருந்தால் வாய்க்கால் வெட்ட வேண்டும், முறை வைக்க வேண்டும், கடைமடை விவசாயியிடம் ஏச்சு வாங்க வேண்டும். வராத தண்ணீருக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அதிகாரத்தை மட்டும் பாய்ச்சிக்கொண்டிருக்கலாம்.

ஏமாற்றுவதில் தாங்கள் இனபேதம் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தெற்கிலிருந்து கூட்டிவந்த ஏழைச் சிங்களக் குடும்பங்களை எல்லை வேலிபோல நட்டீர்கள். புலிகளின் தாக்குதல்களில் செத்தவர்கள் அவர்கள். வரைபடம் கீறியவர்கள் அல்ல. தப்பியவர்களும் நம்மைப்போல வானத்தைப் பார்த்துத்தான் விதைக்கிறார்கள். பதவியாவிலிருந்து இந்தப் பக்கமெல்லாம் சிறுநீரக நோய்க்குப் பயந்து, சொந்தக் கிணறு இருக்கக் கலனைத் தூக்கிக்கொண்டு சுத்திகரிப்பு நிலையத்துக்கு நடக்கிறார்கள். இவர்களுக்கும் மகாவலி என்பது பெயர்ப்பலகையில் படித்த நதிதான்.

கிளிநொச்சியில் வேறு வித்தை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு, மாரி மழையை நம்பிய குளம். மழை பிழைத்தால் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் கதிரை பறக்கும். அந்தக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் என்று, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் 2010இல் ஒரு திட்டம். யாழ்ப்பாணத்தார் கேட்டதும் நியாயம்தான். சுண்ணக்கல் நிலத்தில் கிணறுகள் உவராகின்றன, உரமும் கழிவும் இறங்குகின்றன. குடிக்கிறவனையும் விதைக்கிறவனையும் மோதவிட்டுவிட்டுக் கொழும்பு கைகட்டி நின்றது. நம் அரசியல்வாதிகளும் லேசுப்பட்டவர்களா? ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் ஒரு பேச்சு, இந்தப் பக்கம் ஒரு பேச்சு. தண்ணீர்ப் போத்தல் மட்டும் இரண்டு மேடையிலும் ஒன்றுதான்.

கடைசியில் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்தது. ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர். 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க திறந்துவைத்தார். சரியாக 50 நாள் கழித்து ஜனாதிபதித் தேர்தல். இந்த நாட்டில் கடலும் தேர்தல் பார்த்துத்தான் இனிக்கும்.

இப்போது கிவுல் ஓயா நீர்த்தேக்கம் என்கிறீர்கள். நெடுங்கேணிப் பக்கத்துச் சனம் நீர்த்தேக்கம் என்ற பேச்சைக் கேட்டதும் குடத்தைத் தேடவில்லை, காணிப் பத்திரத்தைத் தேடுகிறது. தண்ணீர் தருகிறோம் என்றால் மனிதர் நடுங்குகிற நிலைக்கு ஒரு வறண்ட நாட்டைக் கொண்டுவருவது சாதாரண சாதனையா? 2018 ஓகஸ்ட் 28ஆம் திகதி முல்லைத்தீவில் ஆயிரக்கணக்கில் திரண்டு தங்களிடம் எங்கள் காணிகளைத்தான் கேட்டோம். அப்போது மகாவலி அமைச்சும் ஜனாதிபதிப் பதவியும் ஒரே ஆளின் கையில், மைத்திரிபால சிறிசேனவிடம் இருந்தன. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டவர். வர்த்தமானி அசையவில்லை.

ஆதலால், மாட்சிமை தங்கியவர்களே, ஒரேயொரு விண்ணப்பம். ஆறு வருகிற அன்று வரட்டும். மேளம் கொட்டி வரவேற்போம். அதுவரை பிடித்த வயல்களை உரியவர்களிடம் கொடுத்துவிட்டு, வர்த்தமானியையும் எல்லைக்கற்களையும் பெயர்ப்பலகைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். லொறிக்கூலி எங்கள் செலவு.