குழியும் கண்ணாடியும்

கண்ணாடிக்கும் மரத்துக்கும் ஒத்துப்போகும் என்பதற்கு நான் எல்லோரிடமும் இழுக்கும் சாட்சி, பின்லாந்தின் அல்வார் ஆல்டோ. 1936இல் அவர் வடிவமைத்த அலையலையான பூச்சாடியைப் பல ஆண்டுகள் மர அச்சுக்குள்தான் ஊதினார்கள். ஊத ஊத அந்த அச்சு கருகித் தேய்ந்துபோகும் என்ற பகுதியை மட்டும் வசதியாக விழுங்கிவிடுவேன்.

அந்தத் தெம்பில், கண்ணாடிச் சாடிகளை நிறுத்தும் தேக்குப் பீடங்களை முதலில் கடைசலுக்குக் கொடுத்தேன். நடுவில் 80 மில்லிமீட்டர் குழி. அதே அளவைப் போட்டு வரைபடத்தைப் பிரோசாபாத் கண்ணாடிப் பட்டறைக்கு அனுப்பினேன். சுமார் ஆயிரம் டிகிரியில் பாகாகத் தொங்குவதை, குழலைச் சுழற்றிக்கொண்டே வாயால் ஊதுகிற மனிதரிடம் அரை மில்லிமீட்டர் துல்லியம் கேட்ட ஆள் நான். வந்தவற்றில் சில குழிக்குள் லொடலொடவென்று ஆடின. சில இறங்கவே மறுத்தன.

“கண்ணாடி வரட்டும் தம்பி, அப்புறம் குழி எடுப்போம்னு அன்னைக்கே சொன்னேன்ல?” என்றார் கடைசல்காரர். சொன்னார்தான். ஆனால் என்னிடம் கணினி வரைபடம் இருந்தது. அவரிடம் காதில் செருகிய பென்சில்தானே!

அடுத்த முறை கண்ணாடியை அளந்து குழி எடுத்தோம். இம்மி இடைவெளி இல்லை, எபாக்சிப் பசை வேறு. வினை அங்கேதான். சென்னை மழையில் ஈரம் குடித்துப் பருத்திருந்த தேக்கு, டெல்லிக் குளிரில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து காய்ந்தது. மரம் இழைக்குக் குறுக்கேதான் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. வட்டக் குழி நீள்வட்டமானது. ஈரமோ வறட்சியோ, கண்ணாடி விட்டுக்கொடுக்காது.

“யாரும் தொடவே இல்லை சார், ராத்திரி தானா டக்குனு சத்தம்” என்றார், வாங்கிய மாமி. உடனே பழியை உலை மேல் போட்டேன். ஏறத்தாழ 500 டிகிரியிலிருந்து மெல்ல ஆறவிடாவிட்டால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கி, என்றாவது ஒருநாள் தெறிக்கும் என்று வகுப்பே எடுத்தேன். அறிவியல் சரிதான். ஆனால் மாமி அனுப்பிய படத்தில் விரிசல், மரம் நெருக்கிய இடத்திலிருந்தே கிளம்பியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மாமியிடம் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பெருந்தன்மை என்ற பெயரையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது பசை இல்லை. சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் விட்டு, கார்க் வளையம் வைக்கிறேன். சாடி லேசாக ஆடும். விலைச்சீட்டில் அதை ‘கைவினைக்கே உரிய இயல்பான அசைவு’ என்று அச்சடித்திருக்கிறேன். கடைசல்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார்.

“ஆட்டத்துக்குன்னு தனியா எவ்வளவு வாங்குறீங்க தம்பி?”