தாழம்பூ போட்ட பட்டியல்

டேய் பேராண்டி, வா. இப்படித் திண்ணையில குந்து. அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வை. காலையிலேர்ந்து அதுக்குள்ளயே தலையை வுட்டுக்கினு யாரோடடா சண்டை? குத்துச்சண்டையில ஜப்பான்காரன் பெரியவனா, உக்ரைன்காரன் பெரியவனான்னா? அதுக்கு உனக்கு ஏன் வேர்க்குது? குத்துறவன் அங்க நிம்மதியாத் தூங்கிக்கினு இருப்பான்.

கோவிச்சுக்காதே. யாரு பெரியவன்ங்கிற சண்டை நம்ம ஊருக்குப் புதுசா? இந்த ஊரோட கதையே அந்தச் சண்டையிலதான் ஆரம்பிக்குது. நானா நீயான்னு பிரம்மாவும் பெருமாளும் மல்லுக்கு நின்னாங்க. நடுவுல நெருப்புத் தூணா நின்னாரு அண்ணாமலையாரு. அடியைத் தேடி ஒருத்தரு பன்றியாப் பூமியைக் குடைஞ்சாரு. முடியைத் தேடி ஒருத்தரு அன்னமாப் பறந்தாரு. பறந்தவரு முடியைப் பார்க்கல. வழியில வந்த தாழம்பூவைப் புடிச்சு, பார்த்தேன்னு சொல்லுன்னு சாட்சிக்கு இட்டாந்தாரு. அதுவும் கூசாம சொல்லிச்சு. அன்னியிலேர்ந்து சிவனுக்குத் தாழம்பூ ஆகாது. இதை முடிஞ்சு வச்சுக்கோ. அப்புறம் அவுப்போம்.

இப்ப உன் விஷயத்துக்கு வா. எடை பார்த்துச் சண்டை வுடுறது நல்ல புத்திதான். காளையோட கன்னுக்குட்டியை மோதவுட்டு வேடிக்கை பார்த்தா பாவம் சுத்தும். அந்தக் காலத்துல எட்டே வகுப்பு. கிரிவலப் பாதையில எட்டு லிங்கம் மாதிரி, சுத்தி வந்தா கணக்கு முடிஞ்சுது. குத்துச்சண்டை நடத்துறவனுக்கு அது போதுமா? இடுக்கு இடுக்கா சொருகிப் 17 ஆக்கினான். 2020-ல பட்டம் கட்டுற டபிள்யூ.பி.சி.காரன் பதினெட்டாவதா ஒண்ணு நட்டான். 115 பவுண்டு ஒரு வகுப்பு, 118 பவுண்டு அடுத்த வகுப்பு. நடுவுல எவ்ளோ? ஒண்ணரைக் கிலோகூட இல்லடா. ஆடி மாசத்துல ரெண்டு சொம்பு கூழு குடிச்சா நீயே வகுப்பு மாறிடுவே.

வகுப்பு அத்தனைன்னா, பட்டம் கட்டுறவங்க நாலு பேரு. டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. ஒரே கோயிலுக்கு நாலு தர்மகர்த்தா. நாலு பேரும் ஆளுக்கொருத்தனுக்குப் பரிவட்டம் கட்டினா முதல் மரியாதை யாருக்குடா? சும்மாவும் கட்டலை. சண்டைக்காரன் வாங்குற பணத்துல ஒரு பங்கு அவங்களுக்கு. இதுல சூப்பர் சாம்பியன், இடைக்காலச் சாம்பியன்னு கிளை வேற. இடைக்கால மாப்பிள்ளைன்னு ஒருத்தனை எந்தக் கல்யாணத்துலயாவது பார்த்திருக்கியா?

எடை போடுற லட்சணத்தைக் கேளு. நம்ம ஆளு மல்லாட்டையை ஈரத்தோட மண்டிக்குக் கொண்டாந்து எடை கூட்டப் பார்ப்பான். குத்துறவன் தலைகீழு. தண்ணி குடிக்காம, ஆவியில வெந்து, காஞ்ச மல்லாட்டையா வந்து தராசுல ஏறுறான். சண்டை மறுநாள்தான். அதுக்குள்ள தின்னு குடிச்சு பழையபடி ஊதிக்கிறான். தராசு சொன்ன எடையில மேடையில ஒருத்தனும் இல்ல. எடை போடுறவனைக் கேட்டா, அரைப் பவுண்டு கூடினாலும் ஒத்துக்க மாட்டோம், நாங்க அவ்ளோ கறாருங்கிறான்.

இவனும் அவனும் மோதக்கூடாதுன்னு இத்தனை வேலி கட்டினானா? கட்டினவனே அப்புறம் கேக்குறான்: எல்லாரும் ஒரே எடையா இருந்தா யாரு பெரியவன்? அதுக்குத்தான் 'பவுண்டுக்குப் பவுண்டு'ன்னு ஒரு பட்டியல். உங்க ஆயா 'பவுனுக்குப் பவுனு'ன்னு நினைச்சுக்கினு அடுப்படியிலேர்ந்து ஓடியாந்தா. எலி எருமை எடையில இருந்தா எவ்ளோ மண்ணு பறிக்கும்? இந்தக் கணக்குதான்டா அது. எலியை யாரு எருமையாக்கிப் பார்க்கப் போறான்?

அந்த வார்த்தைக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு. இல்லேங்கல. அமெரிக்காவுல சுகர் ரே ராபின்சன்னு ஒரு வித்தைக்காரரு. வெல்டர் எடையிலயும் சாம்பியன், மிடில் எடையிலயும் சாம்பியன். கனத்த ஆளுங்களுக்கே பேரு போவுதே, இந்தக் கைக்கு என்ன மரியாதைன்னு தேடினவங்க அந்த வார்த்தையை அவரு மேல ஒட்டினாங்க. ஆனா அவரே 1952 ஜூன் மாசம் நியூயார்க்குல, தன்னைவிட 15 பவுண்டு கூடுதலான ஜோயி மேக்சிமோட மோதினாரு. ராத்திரிச் சண்டை. அப்பவும் 40 டிகிரி வெக்கை. நடுவரே சுருண்டு, பாதியில வேற ஆளு வந்தாரு. புள்ளியில முன்னாடி நின்ன ராபின்சன், 13 ரவுண்டு முடிஞ்சதும் முக்காலியை வுட்டு எழுந்திருக்க முடியல. பவுண்டுக்குப் பவுண்டு பெரியவரை ஜெயிச்சது யாரு? மேக்சிமா? வெக்கைடா! அக்னித் தலத்துல கத்திரி வெயில்ல பொறந்த பயலுக்கு இதை நான் சொல்லணுமா?

நெசமாவே எடை ஏறிக் காட்டினவங்களும் கீறாங்க. பிலிப்பைன்ஸ் பாக்கியாவோ 112 பவுண்டுல மொதல் உலகப் பட்டம் வாங்கி, எட்டு வகுப்புல ஜெயிச்சான். எட்டு லிங்கமும் கும்புட்டு வந்த கிரிவலம் அது. நம்ம மேரி கோமைப் பாரு. 2012 லண்டன் ஒலிம்பிக்குல பொம்பளைங்களுக்கு மூணே வகுப்பு. அந்தம்மாவோட 48 கிலோ அதுல இல்ல. என்ன பண்ணிச்சு? 51-க்கு ஏறிச்சு, வெண்கலம் வாங்கிச்சு, வூட்டுக்கு வந்துச்சு. மெட்ராசுல சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு பரம்பரை கட்டிக் குத்தின மண்ணுலேர்ந்து தேவராஜன் 1994-ல பாங்காக் போயி உலகக் கோப்பையில வெண்கலம் கொண்டாந்தாரு. இவங்கல்லாம் உன் பட்டியல்ல எத்தனாவது?

சரி, உன் ஜப்பான்காரனுக்கே வருவோம். இனோவே 55 கிலோ. உக்ரைன்காரன் உசிக் நூறு கிலோவுக்கு மேல. 2024 மே மாசம் இனோவே ஒருத்தனைச் சாய்ச்சான். 'ரிங்' பத்திரிகைக்காரன் தூக்கி முதலிடத்துல வச்சான். ரெண்டு வாரம் ஆகல, உசிக் ரியாத்துல ஃப்யூரியை ஜெயிச்சாரு. ஒடனே இனோவே ரெண்டாவது! யாருடா அவனை அடிச்சது? ஒருத்தனும் அடிக்கல. வூட்டுல குந்திக்கினு இருந்தவன் தோத்துட்டான். இந்த மாதிரி அடி நான் எந்தச் சண்டையிலயும் பார்த்ததில்ல.

இப்ப அந்த முடிச்சை அவுரு. அடியைத் தேடினவரு பார்க்கலைன்னு நேரா வந்து ஒத்துக்கினாரு. மரியாதை அவருக்குத்தான். உன் பட்டியல்காரன் என்னிக்காவது 'எனக்குத் தெரியல'ன்னு எழுதியிருக்கானா? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பத்து வரைக்கும் வரிசையா அடுக்குறான். சண்டை நடக்கவே நடக்காது. முடிவு மட்டும் தெரியும். இது எந்தப் பூவோட வேலை?

போ, மூஞ்சைத் தூக்கி வச்சுக்காதே. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். எவன் எத்தனை பட்டியல் போட்டாலும் அலிதான்டா பெரியவரு. எந்த எடையில வேணா வச்சுப் பாரு. 1980-ல மெட்ராசுக்கு வந்து ஜிம்மி எல்லிசோட காட்சிச் சண்டை போட்டாரு. ஊரே போச்சு. நானா? பஸ்ஸுக்குக் காசில்ல, போகல.

என்னடா சிரிப்பு? தாழம்பூ மட்டும் பார்த்துட்டா சொல்லிச்சு?