சமயபுரத்துத் தூண்டில் வள்ளல்

கடையெழு வள்ளல்கள் என்று ஏழோடு கணக்கை முடித்தது தமிழ்ப் புலவர்களின் அவசரம். எட்டாமவர் சமயபுரத்தில் இருக்கிறார். முல்லைக்குத் தேர் தந்தான் பாரி, மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன். நம்மவர் பெருவளை வாய்க்கால் கரையில் நிற்கும் காட்டாமணக்குப் புதர்களுக்கு, புதருக்கு ஒன்றாக, ஜப்பானில் செய்த கிராங்க்பெய்ட் என்ற பொய்மீனைத் தந்திருக்கிறார். பாரியாவது ஒரு தேரோடு நிறுத்திக்கொண்டான். இவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தருகிறார்.

தூண்டில் பிடிக்கத் தொடங்கியவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு மீனைப் பிடிக்க ஆசைப்படுவார்கள். அது அற்ப ஆசை. நம் வள்ளல் இந்த ஊரில் இல்லாத மீனைப் பிடிக்க ஆசைப்பட்டார். லார்ஜ்மவுத் பாஸ் என்பது வட அமெரிக்க நன்னீர் மீன். காவிரியில் கிடையாது, கொள்ளிடத்திலும் கிடையாது. குழுமணி சாலை மீன் மார்க்கெட்டில் விடியற்காலையில் போய் நின்றாலும் விராலும் கெண்டையும் ஜிலேபியும்தான் கூடையில் துள்ளும். இதையெல்லாம் காரணம் காட்டிப் பின்வாங்குவது நம்மைப் போன்றவர்களின் வழக்கம். அவரோ நள்ளிரவு தாண்டியும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து, டென்னசி ஏரிகளில் மே மாதம் எந்த நிறப் புழு எடுபடும் என்பதை ஐயம் திரிபறக் கற்றுவைத்திருக்கிறார். பெருவளை வாய்க்காலில் எந்த மாதம் தண்ணீர் வரும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது உள்ளூர்ச் சமாசாரம்.

அவர் ரீல் வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஸ்பின்னிங் ரீல் போதும், நூல் அவ்வளவாகச் சிக்காது, எடை குறைந்த இரையும் நன்றாகப் போகும் என்று கடைக்காரர் தம் வியாபாரத்தையே கெடுத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். இவ்வளவு மலிவான அறிவுரையை ஏற்பவரா நம்மவர்? போட்டியில் கோப்பை வாங்குகிறவர்கள் கையில் இருக்கும் பெய்ட்காஸ்டிங் ரீல்தான் வேண்டும் என்றார். அந்த ரீலில் நூல் சுற்றிய உருளையே சுழன்று நூலை விடும். பறக்கும் இரை வேகம் குறையும்போது கட்டைவிரலால் உருளையை மெல்ல அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் நூல் வெளியே போகிற வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றும். நூல் உள்ளுக்குள்ளேயே பொங்கிச் சிக்கிக்கொள்ளும். முதல் வீச்சில் இரை போன தூரம், அவர் கால் கட்டைவிரல் வரை. அன்றைய மிச்சப் பொழுதை அவர் புளியமரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஊக்கின் முனையால் சிக்கை எடுப்பதில் செலவிட்டார். முகத்தில் அப்படியொரு சாந்தம். அந்தப் பக்கம் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நின்று, "என்னப்பா, வலை பின்றியா?" என்று அக்கறையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

இரைப் பெட்டியைப் பற்றித் தனியாகப் பரணி பாடலாம். நாலு தட்டு. முதல் தட்டில் பாப்பர்கள். இரண்டாவதில் ஸ்பின்னர்பெய்ட்டுகள். மூன்றாவதில் மெத்தென்ற பிளாஸ்டிக் புழுக்கள். அவற்றின் நிறங்களுக்குப் பச்சைப் பூசணி, தர்பூசணி என்று காய்கறிக் கடைப் பெயர்கள். நாலாவது தட்டுதான் கருவூலம். முன்னால் நாக்கு நீண்ட கிராங்க்பெய்ட்டுகள் அங்கே உறங்குகின்றன. நாக்கு நீளமாக இருக்க இருக்க இரை ஆழத்துக்குப் போகும். இவர் தேர்ந்தெடுத்தவை 12 அடி இறங்கக்கூடியவை. வாய்க்காலில் தண்ணீர் முழங்கால் அளவு. மீதி ஆழத்தை அவை சேற்றைத் தோண்டி உண்டாக்கிக்கொள்கின்றன. தூர் வாருவதற்கு எந்த டெண்டரும் விடாமல், சொந்தச் செலவில் இப்படிப் பொதுப்பணி செய்கிறவரை ஊர் இன்னும் பாராட்டவில்லை. தண்ணீரின் ஆழத்தையும் மீன் இருக்குமிடத்தையும் ஒலியலையால் கண்டறியும் கருவி ஒன்றையும் அண்மையில் தருவித்திருக்கிறார். கொள்ளிடத்தில் சோதித்துப் பார்த்தார். முக்கொம்பிலிருந்து உபரி நீர் திறந்தால்தான் கொள்ளிடத்தில் ஆறு ஓடும். மற்ற நாட்களில் மணல்தான். கருவி எதையும் காட்டவில்லை. கருவி நேர்மையானது.

கடைக்காரர் சொன்ன இன்னொன்றையும் பதிவு செய்துவிடுகிறேன், வள்ளலின் பெருமை விளங்கட்டும். "தம்பி, இங்க விரால்தான். ஒரு ரப்பர் தவளை வாங்கிக்கங்க, போதும்." முந்நூறு ரூபாய்க்குள் முடிகிற யோசனை. விரால் காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வருகிற மீன். ஆகாயத்தாமரைக்கும் அல்லிக்கும் நடுவே பதுங்கியிருந்து, மேலே ஓடுகிற தவளையை அடிக்கிற மீன். ரப்பர் தவளையின் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலை தழையில் மாட்டாது. மீன் கடித்ததும் உடல் அமுங்கி முள் வெளியே வரும். வாய் எலும்பாக இருப்பதால் கொஞ்சம் விறைப்பான கோலும் பின்னல் நூலும் வேண்டும், அடித்ததும் இழுக்காமல் ஒரு கணம் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான் இந்த ஊர் வித்தை. நம் வள்ளல் அதைக் கேட்டுப் புன்னகைத்தார். தவளை பச்சை நிறத்தில் மட்டுமே இருந்ததும், அதற்குக் காய்கறிப் பெயர் இல்லாததும் அவர் ரசனைக்கு ஒவ்வவில்லை.

இப்படிப்பட்டவர் கண்ணுக்கு மற்ற தேசத்துக் கஞ்சர்கள் எப்படித் தெரிவார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பின்லாந்தில் லாரி ரபாலா என்ற மீனவர், 1936இல் செருப்புத் தைக்கிற கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை அதன்மேல் ஒட்டி, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசி ஒரு பொய்மீன் செய்தார். உலகம் முழுக்க விற்கிற ஒரு கம்பெனி அதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி என்ற இளைஞர், 1932 ஜூன் 2ஆம் தேதி, 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸைப் பிடித்தார். நம் கணக்கில் பத்து கிலோ. அதுதான் உலக சாதனை. அன்று படகில் அவரும் நண்பரும் இருந்தார்கள், இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பொய்மீன். இரைப் பெட்டி இல்லாத ஏழ்மையில் மீனைப் பிடித்துத் தொலைத்துவிட்டார்கள், பாவம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்தச் சாதனையைச் சமன் செய்ய ஆள் வர 2009 ஆயிற்று. ஜப்பானின் பிவா ஏரியில் அதைச் செய்த மனாபு குரிட்டா தூண்டிலில் மாட்டியது உயிருள்ள சின்ன மீன். பொய்மீனே இல்லாத வெற்றி ஒரு வெற்றியா என்று நம்மவர் கேட்பது நியாயம்தான்.

முடிச்சுப் போடுவதிலும் அவர் பற்றற்றவர். இரையை நூலில் கட்ட அவர் கையாளுவது ஷூ லேஸ் முடிச்சு. வேகமாக வீசினால் இரை மட்டும் தனியே பறந்து அக்கரை சேர்கிறது. அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிற ஊரில், வர்ணக் கண் வைத்த பிளாஸ்டிக் மீன்களை வாய்க்காலுக்குச் சாத்துகிறவர் இவர் ஒருவர்தான். வேண்டுதல் இன்னும் நிறைவேறவில்லை.

மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கிச் சமயபுரத்தாள் பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள் என்பது ஐதீகம். இந்த வாய்க்காலின் மீன்களோ இவர் வந்த நாள் முதல் ஒரு கவலையும் இல்லாமல் உண்டு கொழுக்கின்றன. அத்தனை முள்ளோடு ஒருவர் உலவியும் ஒரு கெண்டையின் உதட்டில்கூடக் கீறல் இல்லை. இந்தக் கொல்லாமையில் ஒரே ஒரு விதிவிலக்கு. மழைக்காலத்தில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரு கூட்டமாக மேலே மிதக்கும். தாய் தகப்பன் அடியிலேயே காவல் நிற்கும், கிட்டே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசிக்காகக் கடிப்பதில்லை, பிள்ளைக்காகக் கடிக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே வீசினால் மீன் நிச்சயம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பாடங்களில் அவர் மறக்காமல் வைத்திருப்பது இது ஒன்றுதான். காவல் போன குஞ்சுகளைக் கெளுத்தி தின்று தீர்க்குமே என்று கேட்டேன். "கெளுத்தியும் சாப்பிடணும்ல சார்" என்றார். எல்லா உயிர்க்கும் இரங்கும் மனசு.

அவருக்கு ஒரு யோசனை சொல்லி வைத்திருக்கிறேன். பாஸ் என்ற பெயர்தான் வேண்டுமென்றால் இதே கொள்ளிடம் கடலில் கலக்கிற பழையாறு பக்கம் போகலாம். அங்கே கழிமுகத்தில் கொடுவா உண்டு. ஆசியக் கடல் பாஸ் என்று உலகம் சொல்வது அதைத்தான். கரையோரத்து இளைஞர்கள் அதைப் பொய்மீன் போட்டே பிடிக்கிறார்கள். ஆற்றில் மேலேறக்கூடிய மீன்தான் அது. ஆனால் நடுவில் அணைக்கரையில் கீழணையும், அதற்கு மேலே சமயபுரம் வரை பெரும்பாலும் மணலும் கிடப்பதால், அது இவரைத் தேடி வருவதற்கு வழியில்லை. இவர் போகலாம். போகிறேன் என்றார், அதற்கேற்ற கோல் அமெரிக்காவிலிருந்து வந்ததும்.

அதுவரைக்கும் சமயபுரம் வருகிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளல் அறுத்துவிட்ட நூல்களும், மூன்று முனை முட்களும் வாய்க்கால் படித்துறையில் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. குளிக்க இறங்குகிறபோது செருப்பைக் கழற்ற வேண்டாம். கூட வந்த பிள்ளைகளைப் புதர் ஓரம் விடாதீர்கள்.