காட்டேரிக்கு வக்காலத்து

அமெரிக்காவின் மினசோட்டா பக்கம், சனிக்கிழமை சாயங்காலம், ஏதோ ஒரு வீட்டின் பேஸ்மென்ட். நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இருபது முகப் பகடையை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் பீட்ஸா அட்டைப் பெட்டி, ஓரத்தில் குளிர்பான டின்கள். ஹீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் ஒருவர் மட்டும் நீளக் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் இருக்கிறார் பாருங்கள், அவர்தான் நம்மவர். ரத்தக்காட்டேரியாகத்தான் ஆடுவேன் என்று அடம்பிடிக்கிறவர்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: இதன் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதை சொல்லி, அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். வாளை வீசுகிறேன் என்று ஒருவர் சொன்னால், பட்டதா படவில்லையா என்பதைப் பகடை சொல்லும். தோற்றோம், ஜெயித்தோம் என்று எதுவும் இல்லை. கதை போகிற வரை போகும். வருஷக்கணக்கில் போவதும் உண்டு.

முதல் நாள் எல்லோரும் தத்தம் பாத்திரத்தின் பூர்வீகத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் எழுதியிருப்பது ஒரே வரி: குள்ளன், கோடரி வைத்திருக்கிறான், பீர் பிடிக்கும். நம்மவர் நீட்டுவது நாடா கட்டிய கோப்பு. அதில் முந்நூறு வருஷத்துச் சோகம் இருக்கும். மனைவி இறந்திருப்பாள். தம்பி துரோகம் செய்திருப்பான். மாளிகை எரிந்திருக்கும். இந்தக் கோப்புகளில் ஒரு சித்தப்பாகூட உயிரோடு இருந்து நான் பார்த்ததில்லை. டன்ஜன் மாஸ்டர் முதல் பாராவையும் கடைசி பாராவையும் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்பார். நடுவில் என்ன இருந்தது என்று நம்மவர் மூன்று மாதம் கழித்துக் கேட்பார்.

சோகமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்மவரின் உண்மையான திறமை பேரத்தில் இருக்கிறது. காட்டேரியின் பலம் அத்தனையும் வேண்டும்: வௌவாலாக மாறுவது, புகையாகக் கரைவது, சுவரில் ஊர்வது, பார்வையாலேயே எதிராளியை மயக்குவது. அதற்கு விதிப்புத்தகம் கேட்கிற விலை நான்கைந்து சாபங்கள். இந்த விலைப்பட்டியலைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

"வெயில்ல வந்தா வெந்துபோவே. ஒவ்வொரு சுற்றுக்கும் 20 புள்ளி போகும். சம்மதமா?"

"மேகமூட்டமா இருந்தா?"

"அதுவும் பகல்தான்."

"பகல்னு புத்தகத்துல இல்லையே, வெயில்னுதானே இருக்கு? சரி, நிலா வெளிச்சம்?"

"அதுக்கு என்ன?"

"அது சூரிய வெளிச்சம்தானே? நிலாவுல பட்டுத் திரும்பி வருது. அது என்னைச் சுடலைன்னா, கண்ணாடியில பட்டுத் திரும்பற வெயிலும் சுடக்கூடாது."

டன்ஜன் மாஸ்டர் இந்த இடத்தில் பகடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு துண்டு பீட்ஸா எடுப்பார்.

அடுத்து ஓடும் தண்ணீர். காட்டேரி அதில் நின்றால் அமிலம் பட்ட மாதிரி உடம்பு கரையும். ஆறு சரி, வாய்க்கால் சரி. ஏரி? அலை அடிக்கிற ஏரி? மழைத் தண்ணீர் ஓடுகிறதா, விழுகிறதா? குளிப்பது எந்தக் கணக்கு? மற்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, வீட்டுக்காரர் அழைக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. இதில்தான் நம்மவர் சட்டக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவர் என்று தோன்றும். சத்திரம் வீடா? சத்திரத்தில் வாடகைக்கு எடுத்த அறை வீடா? வாடகை பாக்கி வைத்தவன் அழைத்தால் செல்லுமா? ஒருமுறை, டன்ஜன் மாஸ்டர் பேச்சுவாக்கில் ஒரு வீட்டு வாசலில் நல்வரவு எழுதிய மிதியடி கிடப்பதாக வர்ணித்துவிட்டார். நம்மவர் எழுந்து நின்று, எழுத்துபூர்வமான அழைப்பு வந்துவிட்டது என்று அறிவித்தார். அன்றைக்குச் சண்டை போட வேண்டிய அரக்கன் வாசலுக்கு வெளியே முக்கால் மணி நேரம் காத்திருந்தான். அன்றிலிருந்து அந்த மேஜையில் எந்த வீட்டுக்கும் மிதியடி கிடையாது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பூதப் புத்தகத்தில், ஆட்டக்காரரின் பாத்திரம் காட்டேரியாக மாறினால் அதன் குணம் 'சட்டத்துக்குக் கட்டுப்பட்ட தீமை' என்று ஆகிவிடும், தேவைப்பட்டால் டன்ஜன் மாஸ்டரே அதைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. தீமையை நம்மவர் கண்டுகொள்வதில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.

இது அவர் தொடங்கிவைத்த வழக்கம் இல்லை. ஆட்டம் பிறப்பதற்கு முன்பே இந்த ஆள் பிறந்துவிட்டார். 1970-களின் தொடக்கத்தில், மினியாபொலிஸ் - செயின்ட் பால் இரட்டை நகரத்தில் டேவ் ஆர்னெசன் என்பவர் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை வைத்து நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தார். அதில் ஒருவரின் பாத்திரம் காட்டேரியாகி, சர் ஃபேங் என்ற பெயரில் யாராலும் அடக்க முடியாதபடி வளர்ந்துவிட்டது. ஆளைப் போகச் சொல்ல முடியாது, நண்பர். ஆகவே, காட்டேரி வேட்டைக்கென்றே ஒரு பாதிரியாரை உண்டாக்கி இன்னொருவர் கையில் கொடுத்தார்கள். சினிமாவில் சிலுவையோடு வரும் வான் ஹெல்சிங்தான் முன்மாதிரி. 1974-இல் ஆர்னெசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது அதிலிருந்த பாத்திர வகைகள் மூன்றே மூன்று: சண்டைக்காரர், மந்திரக்காரர், இந்தப் பாதிரியார். ஒரு தொந்தரவான நண்பரைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு, ஐம்பது வருஷமாக உலகம் முழுக்க மேஜைக்கு மேஜை உட்கார்ந்து காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

நம்மவருக்கு இந்தக் கதை மனப்பாடம். வம்சப் பெருமை பேசுகிற தொனியில் சொல்வார். பாதிரியாராக ஆடுகிறவரைப் பார்த்து, "நீ இருக்கறதே என்னாலதான்" என்று முடிப்பார்.

பழைய பதிப்புகள் மீது அவருக்குத் தனிப் பாசம். அவற்றில் காட்டேரி ஒரு அடி அடித்தால் போதும், எதிராளியின் லெவல் இரண்டு இறங்கிவிடும். லெவல் என்பது வருஷாந்திர இன்கிரிமென்ட் மாதிரி, மாதக்கணக்கில் உழைத்து வாங்கியது. டிராகனின் வாய்க்குள் சிரித்துக்கொண்டே குதிக்கிற வீரர்கள்கூட, காட்டேரி என்றதும் குதிரையைத் திருப்பிவிடுவார்கள். உயிர் போனால் புதுப் பாத்திரம் எழுதிக்கொள்ளலாம், இன்கிரிமென்ட் போனால் யாரிடம் போய் அழுவது? ஐந்தாம் பதிப்பில் கடியின் விளைவு ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. நாகரிகம் அழிவதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்கிறார் நம்மவர். அவர் பாத்திரத்தை இன்னொரு காட்டேரி கடித்த அன்று மட்டும் ஐந்தாம் பதிப்பில் நியாயம் இருப்பதாகப் பேசினார்.

1983-இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் இந்த ஆட்டத்துக்காக எழுதிய 'ரேவன்லாஃப்ட்' என்ற சாகசக் கதை வெளியானது. அதற்கு முன்பெல்லாம் காட்டேரி பாதாள அறைகளில் மற்ற பூதங்களுக்கு நடுவே காரணமே இல்லாமல் நின்றுகொண்டிருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, இது இங்கே என்ன செய்கிறது என்று டிரேசி ஹிக்மனுக்குத் தோன்றியதன் விளைவுதான் ஸ்ட்ராட் பிரபு. கோட்டை கிடைத்தது, நாடு கிடைத்தது, துக்கமும் கிடைத்தது: தம்பியின் மணப்பெண்மேல் ஆசைப்பட்டுத் தம்பியைக் கொன்றான், அவளோ கோட்டைச் சுவரிலிருந்து குதித்துவிட்டாள். நம்மவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் இடம் இது. என்ன கஷ்டம் என்றால், ஸ்ட்ராடாக ஆடுகிற உரிமை டன்ஜன் மாஸ்டருக்கு. நம்மவர் ஸ்ட்ராடைக் கொல்ல வந்தவர்களில் ஒருவர். கோட்டையிலிருந்து விருந்துக்கு அழைப்பு வந்தது. மற்றவர்கள் ஒயினை முகர்ந்து பார்த்துவிட்டு ஜன்னல் வழியே ஊற்றினார்கள். நம்மவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 2016-இல் வந்த மறுவடிவத்தில் ஸ்ட்ராட் தனக்கு ஒரு வாரிசு தேடுகிறான் என்று படித்ததும், தன் கோப்பைத் தூசி தட்டி விண்ணப்பத்தோடு இணைத்தார்.

1991 அவருக்குச் சுதந்திர வருஷம். மார்க் ரெய்ன்-ஹாகன் உருவாக்கி, வொயிட் உல்ஃப் நிறுவனம் வெளியிட்ட 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' அப்போதுதான் வந்தது. இதில் ஆடுகிற எல்லோருமே காட்டேரிகள், ஊர் இன்றைய சிகாகோ. பாதிரியார் தொல்லை இல்லை. நெஞ்சில் ஆப்பு அறைந்தால்கூடச் சாக மாட்டார், அசையாமல் கிடப்பார். நம்மவர் நிம்மதியாக உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜையில் ஆறு கறுப்புக் கோட்டு. ஆறு கோப்பு. ஆறு பேருக்கும் துரோகம் செய்த தம்பிகள்.

அதோடு, அழியா வாழ்வில் இத்தனை மீட்டிங் இருக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இளவரசர். புதிதாக ஊருக்குள் வந்தால் அவர் முன்னால் போய்ப் பெயர் சொல்ல வேண்டும். புதிய காட்டேரி ஒன்றை உண்டாக்க அவர் அனுமதி வேண்டும். ஆதி காட்டேரியான கெய்னிலிருந்து தலைமுறை எண்ணுகிறார்கள். எண் குறையக் குறைய அந்தஸ்து. நம்மவர் பதின்மூன்றாம் தலைமுறை, அதாவது கடைசி பெஞ்சு. குலத்துக்கு ஒரு சாபம் வேறு. டோரியடோர் குலத்தாருக்கு அழகான எதையாவது பார்த்தால் மெய்மறந்து நின்றுவிடும் வியாதி. நம்மவர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார், கௌரவமான சாபம் என்று. அன்றைய கதை சொல்லி விவரமானவர். போகிற அறையிலெல்லாம் ஒரு ஓவியம் மாட்டிவிட்டார். சண்டை நடக்கும்போதெல்லாம் நம்மவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அச்சுப் பிரதிக்கு மெய்மறக்க வேண்டுமா, அசலுக்கு மட்டுமா என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

1993-இல் இதையே எழுந்து நின்று நடித்து ஆடுகிற முறை வந்தது. பகடை கிடையாது, ராக், பேப்பர், சிசர்ஸ். முந்நூறு வருஷப் பகை, மாளிகை எரிந்த கணக்கு, எல்லாம் ஹோட்டல் லாபியில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு கை நீட்டுவதில் தீரும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டால் அந்த ஆள் மாயமாக மறைந்துவிட்டார் என்று அர்த்தம். நம்மவர் அப்படி மறைந்து நின்று ரகசியப் பேச்சு ஒன்றை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தபோது, தரை துடைக்க வந்த அம்மாள் கொஞ்சம் நகரச் சொன்னாள். நகர்ந்தால் இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். நகராமல் நின்றார். ஷூ நனைந்தது. ஓடும் தண்ணீர் இல்லை, துடைக்கிற தண்ணீர்தான் என்று பிறகு விளக்கம் சொன்னார்.

அலுத்துப்போய் மறுபடி பழைய மேஜைக்கே வந்துவிட்டார். போன தடவை நடந்த சண்டையில் பாதிரியார்கள் கூட்டம் ஒன்று அவரை வளைத்துக்கொண்டது. புள்ளிகள் பூஜ்யத்துக்கு இறங்கின. பதறவில்லை, காட்டேரி அப்போது சாகாது, புகையாக மாறும். இரண்டு மணி நேரத்துக்குள் தன் சவப்பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் பிழைத்துக்கொள்ளும்.

"வண்டிக்குப் போறேன். பெட்டி அங்கதான் இருக்கு."

குள்ளன் தொண்டையைச் செருமினான். காயத்துக்கு மருந்து வாங்கக் காசு போதாததால், வண்டியைப் பெட்டியோடு ஊர் வெட்டியானுக்கு நேற்றே விற்றுவிட்டார்களாம்.

"வெட்டியான் கொட்டகை வீடு இல்லை, தொழில் நடத்தற இடம். உள்ளே போறேன்."

"தாராளமா போ" என்றார் டன்ஜன் மாஸ்டர். "ஆனா பெட்டி காலியா இல்லை. காலையிலதான் ஒரு பெரியவரை உள்ளே வச்சு மூடினாங்க."

நம்மவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு விதிப்புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப அது இப்ப அவர் வீடு ஆயிடுச்சா? அவர் கூப்பிட்டாத்தான் நான் உள்ளே போக முடியுமா?"