ஓடாத வண்டியும் ஓட்டத் தெரிந்த மருமகனும்

அல்பேர்டன்,
லண்டன்.
ஆவணி மாதம், ஆனால் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

அன்புள்ள சின்னமாமாவுக்கு,

  போன கிழமை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மருமகன், பழைய இரும்புக் கடையில வேலைக்குச் சேந்திட்டீரோ?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை மாமா. அது நான் காசு கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிள். ஹொண்டா சி.டி. 125 பென்லி, 1982ஆம் ஆண்டுப் பிறப்பு. திருகோணமலையில் உங்கள் கராஜில் மாமர நிழலில் எந்த நேரமும் ரெண்டு நிற்குமே, அதே இனம். விற்றவர், "கொஞ்சம் கை வைத்தால் ஓடும்" என்றார். கையை வைத்தேன், மட்காட் கையோடு வந்தது.

இதைத் திருத்தி, என் விருப்பத்துக்குக் கொஞ்சம் உருமாற்றி, அதே கையோடு மோட்டார் சைக்கிள் லைசன்ஸும் எடுத்துவிடுவது என்று இறங்கியிருக்கிறேன். "பள்ளிக்கூடக் காற்சட்டையோட உள்துறைமுக வீதியில ஓடித் திரிஞ்சவனுக்கு இப்ப என்ன லைசன்ஸ்?" என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. அந்த அனுபவத்தை இந்த நாட்டில் வாய் திறந்து சொல்லக்கூடாது மாமா. தகுதி என்று நினைக்க மாட்டார்கள், வாக்குமூலம் என்று எழுதிக்கொள்வார்கள்.

முதலில் ஓடாத வண்டியின் சட்டத்தைக் கேளுங்கள். நம்மூரில் ஓடாத வண்டியை வேலியோரம் சாத்திவிட்டால் கோழி வந்து முட்டையிடும்; அத்தோடு கதை முடிந்தது. இங்கே அது வீதிக்கு வரவில்லை என்பதைச் சுவான்சீயில் இருக்கும் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். 'சோர்ன்' என்பார்கள். அறிவிக்கக் காசு இல்லை. அறிவிக்காமல் விட்டால் தண்டம். ஓடுகிற வண்டிக்கு வரி, ஓடாத வண்டிக்கு வாக்குறுதி. எப்படியும் அவர்களுக்கு ஒன்று கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் வயதுக்கு மரியாதை கொடுக்கிறார்கள். மனிதருக்கு இல்லை, வண்டிக்கு. 40 வருடம் தாண்டிய வண்டியை வரலாற்று வாகனமாகப் பதிந்துகொண்டால் வருட வரி கிடையாது. அடிப்படையில் பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருந்தால், எம்.ஓ.டி. என்கிற வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயமில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்கப் புகைக் கட்டுப்பாட்டு வலயம். பழைய வண்டியை வெளியே எடுத்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரைப் பவுண் கட்ட வேண்டும். வரலாற்று வாகனத்துக்கு அதுவும் இல்லை. இருபத்தைந்து வயது வண்டி புகை விட்டால் குற்றம். நாற்பது வயது வண்டி விட்டால் வரலாறு. எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒரு சதம் வரி குறைத்தவர் இல்லை.

இனி லைசன்ஸ். ஊர் லைசன்ஸ் வந்து 12 மாதம் வரைதான் செல்லும். இங்கே எடுத்த கார் லைசன்ஸ் மோட்டார் சைக்கிளுக்கு உதவாது. ஆகவே முதல் படி 'சி.பி.டி.' என்கிற அடிப்படைப் பயிற்சி. 1990இலிருந்து இது கட்டாயம். 20 மீற்றருக்கு அப்பால் நிற்கிற வாகனத்தின் நம்பரை வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு ஒரு மைதானத்தில் உருட்டி, நிறுத்தி, திருப்பிக் காட்ட வேண்டும். கடைசியில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் வீதியில் ஓட வேண்டும். வாத்தியார் மீசை அரும்பின பொடியன். "இதுதான் கிளச்" என்று தொட்டுக் காட்டினான். நானும் இன்றுதான் முதன்முதல் காண்பவனைப் போல் பக்தியோடு பார்த்தேன்.

அது முடிந்தால், முன்னும் பின்னும் 'எல்' பலகை மாட்டிக்கொண்டு 125 சிசி வரை ஓட்டலாம். மோட்டார்வேயில் ஏறக்கூடாது. பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. இரண்டு வருடத்துக்குள் முழு லைசன்ஸ் எடுக்காவிட்டால், திரும்பவும் வந்து கிளச்சைத் தரிசிக்க வேண்டும். தைப்பொங்கலுக்கு மறுநாள் நீங்கள், மாமி, டாங்கிக்கு மேல் மூத்தவள், நடுவில் இளையவன், கரியரில் சோற்றுப் பானை என்று ஒரே வண்டியில் நிலாவெளிக் கடற்கரைக்குப் போனதைப் பொடியனுக்குச் சொன்னேன். "அது எத்தனை சிசி?" என்று கேட்டான். "125" என்றேன். அதன் பிறகு அவன் எனக்கு எதையும் தொட்டுக் காட்டவில்லை.

எழுத்துச் சோதனையும் முடிந்துவிட்டது. 50 கேள்விக்கு 43 சரியாக வேண்டும். அதற்குப் பிறகு 14 சிறு படங்கள் ஓடும். ஆபத்து உருவாகிற நேரம் பார்த்து மௌசை அழுத்த வேண்டும். 75க்கு 44 எடுத்தால் பாஸ். நம்மூர்க்காரனுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கோட்டைப் புள்ளிமான் பஸ் நிலையத்தில் குறுக்கே வரும், மாடு நடுவீதியில் அசைபோடும், பஸ்காரன் சிக்னல் போடாமல் வெட்டுவான் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எதிர்பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குப் படம் முழுக்கவே ஆபத்து. ஆனால் சும்மா சும்மா அழுத்தினால் ஏமாற்றுவதாக நினைத்துக் கணினி அந்தப் படத்துக்குப் பூச்சியம் போட்டுவிடும். ஆகவே இலங்கைக் கண்ணை மூடி, இங்கிலாந்துக் கண்ணால் பார்த்துத்தான் பாஸ் பண்ண வேண்டும்.

பயிற்சியில் இன்னொரு விசயம். இடம் மாறுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க வேண்டும். நம்மூரில் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்ப்பவன், ஒன்றில் பொலிசுக்குப் பயந்தவன், இல்லாவிட்டால் காதலிப்பவன். நான் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைத் திருப்பும்போதும் தோளுக்கு மேலால் பார்க்கிறேன். உங்கள் மருமகள், "யாரைப் பாக்கிறீங்கள்?" என்று கேட்கிறாள்.

இவை பேப்பர் வேலை. ஷெட்டுக்குள் நடப்பதைத்தான் நீங்கள் ரசிப்பீர்கள். ஹொண்டாவின் குறுக்குத்தலை ஸ்குறூவுக்கு ஜப்பான் அளவு ஸ்குறூ டிறைவர் வேண்டும். இங்கே கடையில் கிடைப்பதை வைத்துத் திருகினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். இந்த வண்டியை 1982இலிருந்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் முறைவைத்துத் தின்றிருக்கிறார்கள். நீங்கள் உளியைச் சாய்த்து வைத்து ஒரு தட்டுத் தட்டுவீர்களே, அதைத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இன்றைக்கு நல்ல வெயில்" என்றார். மாமா, அது முறைப்பாடு.

காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். பெற்றோல் உள்ளே காய்ந்து, பலாப்பழப் பால் மாதிரி மஞ்சளாக இழுபட்டது. ஜெட்டின் துளையைக் காணவே இல்லை. துளை சுத்தம் செய்வதற்கென்றே சின்னக் கம்பிகளை அழகான பெட்டியில் போட்டு விற்கிறார்கள். நான் பழைய பிறேக் கேபிளில் ஒரு இழை பிரித்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபோது ஊசிமுனை அளவு வானம் தெரிந்தது. உங்கள் பள்ளிக்கூடம் வீண்போகவில்லை.

2021இலிருந்து இங்கே சாதாரண பெற்றோலில் பத்து வீதம் வரை எத்தனோல் கலக்கிறார்கள். பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களை அது மெல்லத் தின்கிறது. பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் இதே புலம்பல். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துச் சனம் காபரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடினதை அவர்களுக்குச் சொன்னேன். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் கதையையும் சொன்னேன்: கியூஆர் கோட்டைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாவில் நிற்க, அந்த ஊர்க்காரர் நீங்கள் போத்தலோடு வரிசையில் நின்றது. அதை அவர்கள் பகிடி என்று நினைத்துவிட்டார்கள்.

டாங்கி முழுக்கக் கறள். ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கியும் போகவில்லை. இங்கே சிற்றிக் அமிலம் கரைத்து ஊற்றுகிறார்கள். குத்துவிளக்குக்குப் புளி போடுகிற வம்சத்தில் வந்தவன் அமிலத்துக்கு எங்கே போவேன்? ஈலிங் ரோட்டில் வாங்கிய புளியைக் கரைத்து இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. டாங்கி பாதி வெளுத்தது. உங்கள் மருமகளின் முகம் முழுக்கச் சிவந்தது. "இண்டைக்குக் குழம்பும் அதுக்குத்தான் ஊத்துறதோ?" என்றாள்.

இனி உருமாற்றம். அல்பேர்டனுக்குக் கிட்ட, நோர்த் சேர்க்குலர் வீதியோரம் 'ஏஸ் கஃபே' என்று ஒரு தேத்தண்ணிக் கடை. 1938இல் லொறிக்காரர்களுக்காகத் திறந்தது. யுத்தத்தில் குண்டுபட்டு, 1949இல் திரும்பக் கட்டினார்கள். ஐம்பது அறுபதுகளில் மோட்டார் சைக்கிள் பொடியன்களின் கோட்டை அது. ஜூக் பொக்ஸில் காசு போட்டுப் பாட்டை ஓடவிட்டு, பாட்டு முடிவதற்குள் குறித்த இடத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும் என்று பந்தயம் ஓடினார்களாம். 1969இல் மூடி, 2001இல் திரும்பத் திறந்தார்கள். 'கஃபே ரேசர்' பாணி இப்படிப்பட்ட கடைகளைச் சுற்றி வளர்ந்ததுதான்: தாழ்ந்த ஹாண்டில், ஒற்றை ஆள் சீற், தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றி எறிந்த உடம்பு. நோர்ட்டன் சேசியில் ட்ரையம்ப் எஞ்சினைப் பூட்டி 'ட்ரைட்டன்' என்பார்கள்.

நானும் போய் நின்று பார்த்தேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கவில்லை. வருடம் முழுக்க மழை தூறுகிற நாட்டில் ஏன் முதலில் மட்காட்டைக் கழற்றுகிறார்கள்? அப்போதுதான் உங்கள் கராஜ் நினைவுக்கு வந்தது. இவர்கள் வண்டியில் இருந்து கழற்றிக் கழற்றித் தங்கள் வண்டி ஆக்குகிறார்கள். நீங்கள் பூட்டிப் பூட்டி ஆக்கினீர்கள். கிண்ணியா மீன்காரருக்கு ரெஜிபோம் பெட்டி தாங்குகிற இரும்புக் கரியர், அதன் பாரத்துக்குப் பின்னால் தடித்த ஸ்பிரிங், சந்திக்குச் சந்தி அமத்துகிற ஹோன். பால்காரருக்கு இரண்டு பக்கமும் கொக்கி. ஆசிரியைக்குச் சேலை சில்லில் சிக்காமல் வலை. ஒவ்வொன்றும் ஆளைப் பார்த்து, அளவெடுத்து, வெல்டிங் பிடித்தது. ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. இங்கே அப்படிச் செய்பவரைக் கலைஞர் என்று பத்திரிகையில் படம் போடுகிறார்கள். உங்களுக்கு மீன்காரர் பாதிக் காசும் ஒரு பாரைக் குட்டியும் தந்துவிட்டுப் போனார்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். என் வண்டி திருகோணமலைப் பாணி. மட்காட் இருக்கும், செயின் மூடி இருக்கும், பின்னால் கரியர் வரும். சட்டத்துக்கும் இதுதான் தோது. சேசியை வெட்டி ஒட்டினால் வரலாற்றுச் சலுகைக்கு ஆபத்து. நான்கு நட்டில் கரியர் பூட்டுவதற்கு யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

"எப்ப முடியும்?" என்று வீட்டில் கேட்டபோது, ஹாட்டில்பூல் துறைமுகத்தில் நம் ஊர்ப் பெயரில் நிற்கும் எச்.எம்.எஸ். டிரிங்கோமலிக் கப்பலைக் காட்டினேன். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் கடலில் இறக்கியது. இந்த நாட்டில் இன்றும் மிதக்கும் மிகப் பழைய போர்க்கப்பல். அதைத் திருத்தப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்து, 2001இல்தான் முடித்தார்கள். "திருகோணமலைச் சாமான் எதுவும் ஆறுதலாகத்தான் திருந்தும்" என்றேன். "அது மிதக்குது. உங்கட வண்டி ஒழுகுது" என்றாள். அதற்குமேல் நான் பேசவில்லை.

மிச்சம் இரண்டு சோதனை. முதலாவது மைதானத்தில். அங்கேயும் எட்டுத்தான் மாமா! நம் நாட்டில் போடுகிற அதே எட்டு. பிறகு திடீர் பிறேக். நாடு முழுக்க மைல் கணக்கு, இந்தச் சோதனைக்கு மட்டும் மணிக்கு 50 கிலோமீற்றர். அதை ஒரு கருவி அளக்கும். வெளியே கமெராவுக்கு முன்னால் வேகமாகப் போனால் தண்டம், உள்ளே மெதுவாகப் போனால் ஃபெயில். ஐந்து சின்னப் பிழை வரை மன்னிப்பார்கள். இரண்டாவது சோதனை வீதியில். சோதிப்பவர் இன்னொரு வண்டியில் பின்னால் வந்துகொண்டு, ரேடியோவில் என் காதுக்குள் வழி சொல்வார். மாமி பின் சீற்றில் இருந்து இலவசமாகச் செய்கிற வேலை, இங்கே அரசாங்க உத்தியோகம். நான் எடுப்பது எந்த அளவு வண்டியும் ஓட்டக்கூடிய பெரிய லைசன்ஸ் என்பதால் 595 சிசிக்குக் குறையாத வண்டியில்தான் சோதனை. பயிற்சிப் பள்ளியின் வண்டி. சரிந்தால் நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும்.

மாமி அடுத்த மாதம் இங்கே வரும்போது தயவுசெய்து இவற்றைக் கொடுத்துவிடுங்கள்: மீன்காரர் கரியரின் அளவு (உங்கள் கையால் கீறினது). சி.டி. 125க்குக் கிளச் கேபிள் ஒன்று. சைட் கவர் ரப்பர். முடிந்தால் அந்தப் பழைய ஹோன். புளி ஒரு கிலோவும் வையுங்கள். அதைக் குழம்புக்கு என்று தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மருமகன்.

பி.கு: அம்மாவுக்கு மோட்டார் சைக்கிள் கதை தெரிய வேண்டாம். தற்செயலாகத் தெரிந்துவிட்டால், அதில் எஞ்சின் இல்லை என்று சொல்லுங்கள். பொய் இல்லை மாமா. எஞ்சின் இப்போது சமையலறை மேசைக்குக் கீழேதான் இருக்கிறது.